திருகிக் குடிக்கும் பேனா

மைப்பேனாவைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் நிப்பைப் பற்றியே எழுதுகிறார்கள். தங்கமா எஃகா, மெல்லிய கோடா தடித்த கோடா, நுனியில் ஒட்டியிருக்கும் சின்னஞ்சிறு உலோக மணி எத்தகையது என்றெல்லாம் பக்கம் பக்கமாகப் பேசிவிட்டு, மை பேனாவுக்குள் எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதை ஒரே வரியில் கடந்துவிடுவார்கள். ஆனால் நாள்தோறும் பேனாவோடு புழங்குகிறவருக்குத் தொல்லையும் சுகமும் அங்கேதான் இருக்கின்றன. வகுப்புக் குறிப்புகள், விடைத்தாள் கட்டுகள், மாணவர்களின் ஆய்வேட்டு வரைவுகள் என்று கையால் எழுதியே காலந்தள்ளும் தொழிலில் இருப்பவர் நாம். ஆகவே மை நிரப்புதலின் கதையைச் சற்றுச் சொல்லிப்பார்க்கலாம் என்று தோன்றுகிறது. குறிப்பாகப் பிஸ்டன் பேனாவின் கதையை, அது சாமானியர் கைக்கு எட்டும் விலைக்கு வந்த விதத்தை.

நம்மூரில் படித்த தலைமுறைக்கு மைப்பேனா என்றால் கழுத்தைத் திருகிக் கழற்றி, ஃபில்லரால் மை ஊற்றுகிற பேனாதான். எபோனைட் உருளையைக் கடைசலில் கடைந்து, உள்ளே குடைந்து, ஒரு முனையில் மரை வெட்டினால் பேனாவின் உடல் தயார். அதற்குள் எந்திர உறுப்பு எதுவும் கிடையாது; ஆகையால் கெட்டுப்போவதற்கும் ஒன்றுமில்லை. சுதேசி இயக்கத்தின் உந்துதலில் ராஜமுந்திரியில் கே.வி. ரத்னம் 1930களில் செய்யத் தொடங்கிய பேனாக்களிலிருந்து இன்று திருவள்ளூரில் கையால் கடையப்படும் பேனாக்கள் வரை, இந்தியப் பேனாவின் பிரதான மரபு இதுவே. மை நிறையக் கொள்ளும், விலை குறைவு, எந்தச் சிற்றூரிலும் பழுது பார்க்கலாம். குறை ஒன்றுதான்: உள்ளே மை குறையக் குறையக் காற்று கூடும், கைச்சூட்டில் அந்தக் காற்று விரிந்து, நிப்பின் வழியே மையைத் தள்ளிவிடும். பேனா 'கக்குவது' என்று பள்ளியில் நாம் சொன்னது இதைத்தான். மரையில் நூல் சுற்றியது, நிப்பைத் தலைமுடியில் துடைத்தது, பெஞ்சின் மீது சொட்டு எண்ணி மை கடன் கொடுத்தது ஆகியவற்றைப் பலரும் ஏற்கெனவே எழுதிவிட்டார்கள். நாம் மேலே செல்வோம்.

மேற்கு நாடுகளிலும் முதலில் இருந்தது இந்த ஊற்றுமுறைதான். லூயிஸ் வாட்டர்மன் 1884இல் காப்புரிமை பெற்றது மை சீராக இறங்குவதற்கான வழிக்கே ஒழிய, மை ஏறுவதற்கான வழிக்கு அல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேனாவுக்குள் ஒரு ரப்பர் பையை வைத்தார்கள். கான்க்ளின் நிறுவனத்தின் பேனாவில் பிறைவடிவத் தகட்டை அமுக்கினால் பை நசுங்கும். விட்டால் விரிந்து மையை உறிஞ்சும். ஷெஃபர் அதையே நெம்புகோலால் செய்தார். ஃபில்லர் தேவையில்லாமல் போனது உண்மையே. ஆனால் பையும் அதை அமுக்கும் தகடும் உடலுக்குள் பாதி இடத்தை அடைத்துக்கொண்டன. சில ஆண்டுகளில் ரப்பர் இறுகி உடையவும் செய்தது. எவ்வளவு மை மிச்சமிருக்கிறது என்பதை வெளியிலிருந்து அறியவும் வழியில்லை.

பிஸ்டனின் அடிப்படையை விளக்க மருத்துவமனைச் சிரிஞ்சு ஒன்றே போதும். குழாய்க்குள் இறுக்கமாக நகரும் ஓர் அடைப்பு. அதைப் பின்னால் இழுத்தால் திரவம் உள்ளே வரும். சிக்கல் தண்டில்தான். அடைப்பு எவ்வளவு தூரம் நகரவேண்டுமோ, அவ்வளவு நீளத்துக்குத் தண்டு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அப்படி ஒரு பேனாவைச் சட்டைப்பையில் செருகமுடியாது. இதற்கு விடை கண்டவர் தியோடோர் கோவாச் என்ற ஹங்கேரியப் பொறியாளர். பேனாவின் பின்முனையில் உள்ள குமிழைத் திருகும்போது, ஒரு மரையின் வழியே குமிழ் சற்றே வெளியே வருகிறது. அதே திருகலில், எதிர்த்திசையில் வெட்டப்பட்ட இன்னொரு மரை தண்டை நிப்பின் பக்கமாக விரைவாகத் தள்ளுகிறது. குமிழ் சில மில்லிமீட்டர் நகர்ந்தால் பிஸ்டன் பல மடங்கு தூரம் நகரும். எதிரெதிரான இரு மரைகள் ஒரே திருகலில் ஒத்துழைக்கும் இந்த ஏற்பாட்டை முதன்முதலில் பிரித்துப் பார்த்தபோது, ஒரு நல்ல சிலேடை பிடிபட்டது போன்ற மகிழ்ச்சி நமக்கு உண்டாயிற்று.

1920களில் காப்புரிமை பெற்ற இந்தப் பொறி கைமாறி, ஜெர்மனியின் ஹனோவர் நகரில் இருந்த குந்தர் வாக்னர் நிறுவனத்திடம் வந்தது. 1838இல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் தொழில் பேனா செய்வதன்று. வண்ணமும் மையும் செய்வது. அதன் சின்னம் கூட்டில் குஞ்சுகளோடு நிற்கும் கூழைக்கடா, 1878இல் பதிவானது. நிறுவனம் பின்னாளில் பெலிக்கன் என்றே அறியப்பட்டது. (அலகுப்பைக்குள் நீரை மொண்டெடுக்கும் பறவையின் பெயரில் ஒரு பேனா, கூந்தங்குளத்தில் கூழைக்கடாவைப் பார்த்தவர்களுக்கு இப்பொருத்தத்தை விளக்கவேண்டியதில்லை.) 1929இல் அவர்களுடைய முதல் பிஸ்டன் பேனா வெளிவந்தது. நிப்புக்கு மேலே ஒளி ஊடுருவும் பகுதி ஒன்று இருந்தது. மையின் மட்டம் கண்ணுக்குத் தெரிந்தது. ரப்பர் பை இல்லாததால் உடல் முழுவதுமே மைக்கூடாயிற்று.

மை விற்றவர்கள் ஏன் பேனா செய்தார்கள் என்பது யோசிக்கத்தக்கது. புட்டியிலிருந்து நேராகக் குடிக்கும் பேனா புட்டி மையின் விற்பனைக்கு உதவும் பேனா. இதை நாம் குறையாகச் சொல்லவில்லை. எந்தக் கருவிக்குள்ளும் அதைச் செய்தவரின் வணிகம் ஒளிந்திருக்கும். அந்த வணிகம் நம் வசதியோடு ஒத்துப்போகும் காலங்களும் உண்டு, விலகிப்போகும் காலங்களும் உண்டு. பிஸ்டன் பேனாவின் பிற்காலக் கதை இந்த விலகலைப் பற்றியது.

தொடக்கத்தில் இது மலிவான பொருளாக இல்லை. மரைகள் துல்லியமாகப் பொருந்தவேண்டும். குழாயின் உட்சுவர் வழவழப்பாக இருக்கவேண்டும். அடைப்பாக வைத்ததோ மரத்தக்கை. பேனாவைச் சில மாதங்கள் பயன்படுத்தாமல் போட்டுவைத்தால் தக்கை உலர்ந்து சுருங்கி, மை பின்பக்கம் கசியும். பின்னர் செயற்கைப் பொருளால் ஆன அடைப்பு தக்கையின் இடத்தைப் பிடித்தது. 1930களின் இறுதியில் ஜெர்மனியில் நிப்புகளுக்குத் தங்கம் மறுக்கப்பட்டபோது பல்லேடியத்துக்கும் எஃகுக்கும் மாறினார்கள். போர்க்கால நெருக்கடி தங்கத்தின் மீதான மயக்கத்தைச் சற்றுக் குறைத்தது என்று கொள்ளலாம். எஃகு நிப்பிலும் நன்றாகவே எழுதமுடிகிறது என்பது நம் அனுபவமும்கூட.

போருக்குப் பிறகு, அச்சில் வார்த்தெடுக்கும் பிளாஸ்டிக் பெருகிய காலத்தில்தான் பிஸ்டன் பேனா படியிறங்கி வந்தது. 1950இல் பெலிக்கன் 400. 1952இல் அதைவிடச் சிறிய 140. 1955இல் பள்ளிப் பிள்ளைகளுக்காகவே 120. பச்சை உடல், கறுப்பு மூடி, எஃகு நிப்பின் மேல் தங்கப்பூச்சு. உள்ளே இருந்தது அதே திருகுப் பொறிதான். பெரிய அதிகாரிகளின் மேசைக்குரியதாயிருந்த எந்திரம் கால் நூற்றாண்டில் பத்து வயதுச் சிறுவனின் புத்தகப்பைக்குள் போய்விட்டது. எழுதுகருவிகளின் வரலாற்றில் இதைவிட நல்ல செய்தி அதிகமில்லை என்பது நம் கருத்து.

ஆனால் அது நீடிக்கவில்லை. அதே நிறுவனம் 1960இல் பெலிக்கானோ என்ற பள்ளிப் பேனாவைக் கொண்டுவந்தது. ஆசிரியர்களின் யோசனைகளைக் கேட்டு உருவாக்கிய அதில் பிஸ்டன் கிடையாது. மை நிரம்பிய சின்ன பிளாஸ்டிக் குப்பியைச் செருகவேண்டும். தீர்ந்ததும் எறிந்துவிட்டு இன்னொன்றைச் செருகவேண்டும். வகுப்பறையில் மைப்புட்டி கவிழாது, பிள்ளைகளின் சட்டை பிழைக்கும். அது உண்மைதான். ஆசிரியர் என்ற முறையில் அந்த நிம்மதியை நாமும் அறிவோம். ஆயினும் அதே அளவு மைக்குப் புட்டியைவிடக் குப்பியில் பல மடங்கு விலை கொடுக்கவேண்டும் என்பதும் உண்மை. பேனா மலிவானபோது மை விலையேறிற்று. அதுவும் ஒவ்வொரு குப்பியாகப் பிரிந்து, கணக்கில் தெரியாமல் ஏறிற்று. இதற்கிடையே பந்துமுனைப் பேனா உலகைப் பிடித்துக்கொண்டது. எழுதி முடித்ததும் எறிகிற கருவியின் முன்னால், நிரப்பி, துடைத்து, கழுவிப் பேணவேண்டிய கருவி பகட்டுப் பொருளாக மட்டுமே பிழைக்கமுடியும் போலாயிற்று. 1966இல் வந்த லாமி 2000 போன்ற அருமையான பிஸ்டன் பேனாக்கள் இன்றும் விற்பனையில் இருக்கின்றன. ஆனால் அவற்றின் விலை நம்மைப் போன்றவர்களை ஒரு கணம் பெருமூச்சு விடவைக்கும்.

மலிவான பிஸ்டன் மறுபடி வந்தது எதிர்பாராத திசைகளிலிருந்து. 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் நூட்லர்ஸ் என்ற அமெரிக்க மை நிறுவனம், இந்தியாவில் செய்வித்த பிஸ்டன் பேனாக்களை 20 டாலரும் அதற்குக் குறைவுமான விலையில் விற்றது. அவற்றின் வாடை பேனா ஆர்வலரிடையே பெரும்புகழ் பெற்றது, அதற்குமேல் சொல்லவேண்டாம். அதே காலத்தில் தைவானிலிருந்து ட்விஸ்பி வந்தது. அதன் பின்னால் இருந்த டா ஷின் என்ற நிறுவனம் பல பத்தாண்டுகளாகப் பிறருடைய பெயர்களில் விற்கப்படும் பேனாக்களைச் செய்து கொடுத்துவந்த ஒப்பந்தப் பட்டறை. சொந்தப் பெயரில் விற்பதென்று முடிவெடுத்தபோது, 'மூன்று பண்பாடுகளின் மன்றம்' என்று பொருள்படும் சான் வென் டாங் என்ற தொடரின் முதலெழுத்துகளைத் தலைகீழாக்கி, எழுதுகோலைக் குறிக்கும் 'பி' என்ற சீனச் சொல்லைப் பின்னால் சேர்த்துக்கொண்டார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் சியான்லாங் பேரரசர் மூன்று அரிய கையெழுத்துக் கலைப் படைப்புகளைப் பாதுகாத்துவைத்த அறையை அத்தொடர் நினைவூட்டுகிறதாம். கூலிக்குப் பேனா செய்தவர்கள் பெயர் வைக்கும்போது எழுத்துக்கலையை நினைத்தது நமக்குப் பிடித்திருக்கிறது.

2010இல் டைமண்ட் 530, 2015இல் இன்னும் மலிவான ஈக்கோ. ஈக்கோ வந்தபோது அதன் விலை 30 டாலருக்குள். இந்தியாவுக்கு வந்துசேரும்போது சில ஆயிரம் ரூபாய் ஆகிவிடும். ஆகவே 'மலிவு' என்ற சொல்லைக் கொஞ்சம் தயங்கியே பயன்படுத்தவேண்டும். பத்து ரூபாய் பந்துமுனைப் பேனாவோடு ஒப்பிட்டால் இது ஆடம்பரம், பெலிக்கனின் உயர்வகைப் பேனாக்களோடு ஒப்பிட்டால் எளிமை. சில ஆண்டுகளில் சீனாவின் விங் சுங் இதே வடிவில் இன்னும் குறைந்த விலைக்குப் பேனாக்களைக் கொண்டுவந்தது. நகலெடுத்தலின் நியாயத்தைப் பற்றி வாதிக்கலாம்தான். இருந்தாலும் மாணவர்கள் சிலர் கையில் பிஸ்டன் பேனாவைப் பார்க்க முடிவது இத்தகைய நகல்களால்தான்.

ஈக்கோவின் பெட்டிக்குள் பேனாவோடு ஒரு சிறு ஸ்பேனரும், சிலிக்கோன் கிரீஸ் அடைத்த சிறு குப்பியும் இருக்கின்றன. நமக்கு முக்கியமாகப்படுவது இதுதான். வாங்கியவர் பிரிக்கவே கூடாது என்று பொருள்கள் செய்யப்படும் காலத்தில், 'பிரித்துக்கொள், இதோ கருவி' என்று சொல்லும் ஒரு பொருள். பிஸ்டன் இறுகிவிட்டால் குமிழைக் கழற்றித் தண்டை உருவி, ரப்பர் வளையத்தில் கடுகளவு கிரீஸ் தடவினால் பழையபடி வழுக்கிக்கொண்டு போகும். வாஸ்லினும் தேங்காயெண்ணெயும் இதற்கு ஆகா. ஒரே ஒரு கவனம்: திரும்பப் பூட்டும்போது மரை எந்த இடத்தில் பிடிக்கிறது என்று பார்த்துப் பூட்டவேண்டும், தவறினால் பிஸ்டன் அடிவரை இறங்காது, மை பாதிதான் ஏறும்.

அன்றாடப் புழக்கத்தில் இதன் குணங்கள் மெல்லத்தான் தெரியவரும். நிப்பு முழுவதும் மையில் மூழ்கும்படி வைத்துத் திருகவேண்டும். வெளியே எடுத்ததும் ஓரிரு சொட்டைத் திரும்ப விட்டுவிட்டு நிப்பைத் துணியால் துடைக்கவேண்டும். ஒருமுறை நிரப்பினால் ஒன்றரை மில்லிக்கு மேல் கொள்ளும். ஒரு சாதாரணக் குப்பியைப் போல இரு மடங்கு. கூடு கண்ணாடிபோல் இருப்பதால் வகுப்பின் நடுவில் மை தீர்ந்து விழிக்கவேண்டியதில்லை. நம்மூர்ப் பேனா கக்குவதற்குக் காரணமான காற்றுக்கும் இங்கே மருந்துண்டு: நிப்பை மேல்நோக்கிப் பிடித்துக் குமிழை மெல்லத் திருகினால் பிஸ்டன் மேலேறிக் காற்றை வெளியேற்றிவிடும். மே மாத விடுமுறை முழுவதும் இழுப்பறையில் கிடந்த பிறகும் முதல் வரியிலேயே எழுதியது. மூடி இறுக்கமாகப் பொருந்துவதே காரணமாக இருக்கவேண்டும்.

தொல்லை இல்லாமல் இல்லை. மைக்கூட்டைத் தனியே கழற்ற முடியாததால், சிவப்பிலிருந்து நீலத்துக்கு மாறுவது ஒரு மாலைப்பொழுதின் வேலை. நீரை ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி, கடைசியில் இன்னும் இளஞ்சிவப்பாகவே வரும். நாம் இப்போது திருத்துவதற்கு ஒன்று, எழுதுவதற்கு ஒன்று என இரண்டு வைத்திருக்கிறோம். தூரிகைக்கும் ஓவியத்துக்கும் உரிய இந்தியன் இங்க்கை மறந்தும் ஊற்றக்கூடாது. உலர்ந்தால் நிப்புக்கு அடியிலுள்ள கட்டையின் நுண்கால்வாய்கள் அடைபட்டுவிடும். விடைத்தாளின் தாளோ மையை ஏந்துவதற்கென்று செய்யப்பட்டதன்று. மதிப்பெண் எழுதினால் எட்டு ஊறி ஒன்பதுபோல் தெரிவதுண்டு. மெல்லிய நிப்புக்கு மாறியபின் அச்சிக்கல் குறைந்தது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். புட்டியில் மை கால்வாசிக்குக் கீழே இறங்கிவிட்டால் நிப்பு முழுக மூழ்காது. பிஸ்டன் மையோடு காற்றையும் சேர்த்து உறிஞ்சும். புட்டியைச் சாய்த்துப் பிடித்துக் கொஞ்சநாள் ஓட்டலாம். அதற்குப் பிறகு நிப்பையும் கட்டையையும் உருவி வைத்துவிட்டு, அடியில் தங்கிய மையைப் பழைய ஃபில்லரால்தான் எடுத்து ஊற்றவேண்டியிருக்கிறது. ஃபில்லருக்காகக் கல்லூரிக்கு எதிரிலுள்ள கடையில் கேட்டோம், அங்கே இல்லை. மருந்துக்கடையில், குழந்தைகளுக்கு மருந்து புகட்டுவதற்கென்று வைத்திருந்தார்கள்.