ஒற்றைத் தலையிடியும் குடும்பப் பொருளாதாரமும்: ஒரு வரலாற்று நோக்கு

நோய்களின் வரலாறு பெரும்பாலும் மரணங்களின் வரலாறாகவே எழுதப்பட்டுவந்துள்ளது. வாந்திபேதியும் அம்மையும் அரசாங்கப் பதிவேடுகளில் இடம்பெற்றமைக்கு அவை பறித்த உயிர்களின் தொகையே காரணமாகும். உயிரைப் பறிக்காது உழைக்கும் நாட்களைப் பறிக்கும் நோய்கள் அவ்வேடுகளுக்குப் புறம்பாகவே நின்றன. ஒற்றைத் தலையிடி அத்தகையதொரு நோய். அதன் இழப்புக் கணக்கு நெடுங்காலம் வீட்டுக்குள்ளேயே தீர்க்கப்பட்டது. அக்கணக்கு பொதுக் கணக்காக மாறிய வரலாறு ஈண்டு நோக்கத்தக்கது.

கிரேக்க வைத்தியரான கேலன் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் இந்நோயை ‘ஹெமிக்ரேனியா’, அதாவது அரைத்தலை நோய், எனக் குறித்தார். அச்சொல்லே பிரெஞ்சு மொழிவழி ‘மைக்ரேன்’ ஆயிற்று. சுசுருத சங்கிதை கூறும் ‘அர்த்தாவபேதகம்’ என்ற பெயரும் அரைத்தலையைப் பிளப்பது எனும் பொருளுடையதே. இத்துணைத் தொன்மை வாய்ந்த நோயை நோயாளியின் இயல்போடு பிணைத்து நோக்கும் போக்கு நவீன காலத்திலும் மறையவில்லை. 1937இல் அமெரிக்க நரம்பியல் அறிஞர் ஹரோல்ட் வூல்ஃப், இந்நோயாளரைப் பேராவலும் மிகையான ஒழுங்குணர்வும் உடையோராகச் சித்திரித்தார். நோய் குணத்தின் விளைவெனக் கருதப்படுமாயின், அதனால் நேரும் இழப்புக்கும் நோயாளியே பொறுப்பாளியாகிவிடுகின்றார்.

மருந்துகளின் வரலாறு இதனின்றும் வேறுபட்டது. 1918இல் சுவிற்சலாந்தில் ஆதர் ஸ்டோல் எர்கொட்டமீனைப் பிரித்தெடுத்தார். 1991இல் சுமட்ரிப்டான் சந்தைக்கு வந்தது. ஆயின், உலக சுகாதாரத் தாபனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அது சேர்க்கப்பட்டது 2021இலேயே. 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எரெனுமாப் மருந்தின் அப்போது அறிவிக்கப்பட்ட விலை ஆண்டொன்றுக்கு 6,900 டொலராக இருந்தது. மருந்து கண்டுபிடிக்கப்படுவதும் அது குடும்பத்தின் கைக்கெட்டுவதும் ஒன்றல்ல என்பதை இவை உணர்த்துகின்றன.

எனினும், மருந்துச் செலவே பெருஞ்சுமை எனக் கொள்வது தவறாகும். ஐரோப்பிய நாடுகள் எட்டில் நடத்தப்பட்டு 2012இல் வெளியான ஆய்வொன்று, நோயாளி ஒருவருக்கு ஆண்டுதோறும் சராசரியாக 1,222 யூரோ செலவு ஏற்படுவதாக மதிப்பிட்டது. அதில் 93 வீதம் வைத்தியருக்கோ மருந்துக்கோ கொடுக்கப்பட்டதன்று; வேலைக்குச் செல்லாத நாட்களாலும் வேலைத்திறன் குன்றிய நாட்களாலும் ஏற்பட்ட இழப்பாகும். நாட்கூலியை நம்பி வாழும் குடும்பத்தில் இவ்விழப்பு அன்றைய அடுப்பிலேயே தெரியும்.

இந்நோய் ஆண்களைவிடப் பெண்களை இரண்டு, மூன்று மடங்கு மிகுதியாகத் தாக்குகின்றது. ஆகவே, இழப்பின் பெரும்பகுதி ஊதியமற்ற வீட்டுவேலையிலேயே நிகழ்கின்றது. 1999 அளவில் அமெரிக்காவில் ஸ்டுவர்ட், லிப்டன் முதலியோர் உருவாக்கிய வினாக்கொத்து இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. அதன் ஐந்து வினாக்களுள் இரண்டு, மூன்று மாத காலத்தில் வீட்டுவேலை தடைப்பட்ட நாட்களையும் பாதியாகக் குறைந்த நாட்களையும் பற்றியவை. அடுக்களையில் கழிந்த நாளும் அலுவலகத்தில் கழிந்த நாளும் அங்கே ஒரே தாளில் எண்ணப்பட்டன.

1993இல் உலக வங்கியின் அறிக்கை, மரணத்தோடு இயலாமையில் கழியும் ஆண்டுகளையும் சேர்த்தளக்கும் முறையைப் பரவச்செய்தது. 2001இல் உலக சுகாதாரத் தாபனம், இயலாமைக்கான காரணங்களுள் ஒற்றைத் தலையிடிக்கு 19ஆம் இடத்தை அளித்தது. 2019ஆம் ஆண்டுத் தரவுகளின்படி அது 2ஆம் இடத்தில் உள்ளது. இளம் பெண்களிடையே முதலிடம் பெறுகின்றது. இவ்வேற்றத்துக்கு நோயின் பெருக்கத்தைவிட அளவீட்டின் விரிவே காரணம் எனலாம்.

ஆயினும், ஊதியமற்ற வீட்டுவேலை நாட்டு வருமானக் கணக்கில் இன்றும் சேர்க்கப்படுவதில்லை. எனவே, இருண்ட அறையில் தாய் படுத்திருக்கும் நாளில் அவள் வேலையைப் பிள்ளைகளுள் எவர் ஏற்றார், எவருடைய படிப்பு தடைப்பட்டது என்பன இன்னும் எழுதப்படாத வரலாறாகவே உள்ளன. மரணப் பதிவேட்டுக்கு அப்பாலும் நோக்கும் வரலாற்று மாணவருக்கே அவ்வரலாறு புலப்படும்.