எண்ணூர்க் கரையும் செல்போன் காட்சிகளும்

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுனாமி வந்த நாள் யாருக்குத்தான் மறக்கும்? அடுத்த பத்து நாள் டி.வி.யில் ஓயாமல் ஓடிய காட்சிகளில் பல, தாய்லாந்து, இலங்கை, இந்தோனேசியக் கரைகளில் சுற்றுலாப் பயணிகளும் உள்ளூர்க்காரர்களும் சொந்த கேமராவில் எடுத்தவை. பொதுமக்கள் எடுத்த படம் செய்தியானதற்கு இன்றும் அதைத்தான் முதலில் சொல்கிறார்கள். காசிமேட்டிலும் திருவொற்றியூர் குப்பங்களிலும் தண்ணீர் புகுந்ததை மட்டும் நான் படமாகப் பார்த்ததே இல்லை. அன்று இங்கே யார் வீட்டில் வீடியோ கேமரா இருந்தது?

பிறகு சி.என்.என்.-ஐ.பி.என். சேனல் 'சிட்டிசன் ஜர்னலிஸ்ட்' என்று தனி நிகழ்ச்சியே நடத்தியது. அதெல்லாம் இங்கிலீஷ் தெரிந்தவர்கள் சமாச்சாரம். எங்கள் பக்கத்துக்கு அது வந்தது மலிவு விலை செல்போனோடுதான்.

2017 ஜனவரி 28 விடியற்காலை, எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே 'டான் காஞ்சிபுரம்', 'பி.டபிள்யூ. மேப்பிள்' என்ற இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. எண்ணெய்க் கசிவு போன்ற பாதிப்பு எதுவும் இல்லை என்றுதான் துறைமுகத்தின் முதல் அறிக்கை சொன்னது. ஆனால் எர்ணாவூர்க் கரையில் பாறைகளெல்லாம் தார் பூசியதுபோல் ஆகிவிட்டன. செத்து ஒதுங்கிய ஆமைகளை, கறுப்பாகத் திரண்டு வந்த அலையை, கரைக்காரர்கள் செல்போனில் எடுத்து அனுப்பினார்கள். மீனவர்களும் மாணவர்களும் பக்கெட்டால் எண்ணெய்ச் சேற்றை அள்ளிய காட்சி நாடு முழுக்க ஓடியது. செவ்வாய்க்கு ராக்கெட் விட்ட நாட்டில் பக்கெட்டா என்று எனக்கே வெட்கமாக இருந்தது. பாதிப்பில்லை என்ற பேச்சு அதன்பின் எடுபடவில்லை.

எங்கள் தெருப் பையன் ஒருவன் எடுத்த வீடியோவும் ஒரு சேனலில் வந்தது. 'சமூக வலைதளக் காட்சி' என்று மட்டும் போட்டிருந்தார்கள்.

"இன்னாடா, உன் பேரையே காணோம்?" என்றாள் அவன் ஆயா.

"பேரு வராத வரைக்கும் நல்லது ஆயா. நான் கான்ட்ராக்ட்ல வேலை செய்றவன். கம்பெனில பாத்தா நாளைக்கு கேட்டுக்குள்ள வுட மாட்டாங்க."

சேனல்காரன் ஏமாற்றிவிட்டான் என்று கொதித்துக்கொண்டிருந்த நான் வாயை மூடிக்கொண்டேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் கொசஸ்தலை முகத்துவாரத்தில் படர்ந்தது. இம்முறை படகில் போனவர்களே படம் எடுத்தார்கள். வலையிலும் படகிலும் அப்பிய எண்ணெயை ஊரே பார்த்தது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது.

அதே மாதம் 26-ஆம் தேதி, சுனாமி வந்த அதே தேதி. கப்பலிலிருந்து உரத் தொழிற்சாலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் நள்ளிரவை ஒட்டிக் கசிவு. பெரியகுப்பம், சின்னகுப்பம் சனங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு குழந்தைகளோடு தெருவுக்கு ஓடிவந்தார்கள். அந்த நேரத்தில் எந்த டி.வி. கேமரா அங்கே இருக்கும்? ஓடியவர்களே எடுத்த இருட்டுக் காட்சிகள்தான் காலையில் எல்லாச் சேனலிலும். நான் பார்த்தவரை ஒன்றிலும் எடுத்தவர் பெயர் இல்லை. எங்கள் தெருப் பையனை நினைத்துக்கொண்டேன்.