வீட்டு ஒலிக்கூடத்தில் மின்னணு இசை

மின்னணு இசை என்பது சிந்தசைசர், சாம்ப்ளர், சீக்வென்சர், கணினி ஆகியவற்றால் ஒலியை உருவாக்கி அடுக்கும் இசைமுறை. பெரிய ஒலிப்பதிவுக்கூடங்களுக்கே உரியதாக இருந்த இது, இன்று ஒரு சிறிய அறைக்குள் அடங்குகிறது.

வரலாறு: தேனி மாவட்டம் பண்ணைப்புரத்தில் 1943இல் பிறந்த இளையராஜா, ‘புன்னகை மன்னன்’, ‘விக்ரம்’ (இரண்டும் 1986) படங்களில் சிந்தசைசரையும் கணினிவழி இசையையும் துணிந்து கையாண்டார். வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகளை இணைக்கும் மிடி முறை 1983இல்தான் அறிமுகமாகியிருந்தது. இளையராஜாவிடம் கீபோர்டு வாசித்த ஏ. ஆர். ரகுமான், சென்னையில் தம் வீட்டோடு அமைத்த பஞ்சதன் கூடத்திலிருந்து ‘ரோஜா’ (1992) இசையைத் தந்தார். வீட்டு ஒலிக்கூடத்தின் வலிமைக்கு இது தமிழகத்தின் தலைசிறந்த சான்று.

கருவிகள்: கணினி, இசையாக்க மென்பொருள், ஆடியோ இன்டர்ஃபேஸ், மிடி கீபோர்டு, மைக், ஹெட்ஃபோன், மானிட்டர் ஸ்பீக்கர்கள். தொடக்கத்தில் கணினி, மென்பொருள், ஹெட்ஃபோன் மூன்றே போதும்.

அறை: இரு ஸ்பீக்கர்களும் கேட்பவரின் தலையும் சமபக்க முக்கோணமாக அமைய வேண்டும். வெறும் சுவர் எதிரொலிக்கும். துணியும் பஞ்சும் அதை உறிஞ்சும். போடிநாயக்கனூர் வணிகத்தில் பெயர்பெற்ற இலவம்பஞ்சு மெத்தையைச் சுவரோரம் நிறுத்தினாலே குரல்பதிவு தெளியும். தாழ்ந்த ஒலிகளை அடக்க அதிகத் தடிமன் தேவை.

பதிவு: 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் தரம் பொருத்தமானது. ஒலியளவின் உச்சம் மைனஸ் 6 டெசிபலுக்குள் நிற்பது நலம். வாசிக்கும்போது பஃபர் (ஒலியைத் தற்காலிகமாகத் தேக்கும் நினைவகம்) அளவைக் குறைத்தால் தாமதம் குறையும். கலவையின்போது அதைக் கூட்டினால் கணினியின் சுமை குறையும். ஆடிக் காற்றில் வெளிப்புற ஒலியைப் பதிய, மைக்குக்குக் காற்றுத்தடுப்பு உறை இன்றியமையாதது.