பெயர் சுருங்கிய உலகம்: தமிழ் இளையோர் அறிபுனைவின் தடம்

கதை நிகழும் இடத்தின் சட்டம், தொழில், பெயர் வழக்கு, கருவிகள் ஆகியவற்றை ஒன்றோடொன்று முரணாமல் அமைத்துக் காட்டுவதை 'உலகாக்கம்' என்றும், பதின்பருவத்தினர் விரும்பிப் படிக்கும் கதையை 'இளையோர் புனைவு' என்றும் இக்கட்டுரை குறிக்கிறது. இவ்விரண்டையும் சேர்த்து நோக்கினால், தமிழில் உலகாக்கம் முன்னரே கைகூடியதும், அவ்வுலகில் தானே முடிவெடுத்து வளரும் பாத்திரம் தாமதமாக வந்ததும் புலப்படும்.

அமெரிக்க எழுத்தாளர் ராபர்ட் ஹைன்லைனின் முதல் இளையோர் நாவல் 1947இல் வெளிவந்தது. அதில் மூன்று சிறுவர்கள் ஓர் அறிவியலாளரோடு சேர்ந்து ஏவூர்தி ஒன்றை ஆயத்தப்படுத்தி நிலவுக்குச் செல்கின்றனர். அதே ஆண்டு ஜூலையில் நாகிரெட்டியும் சக்ரபாணியும் சென்னையில் தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கிய 'அம்புலிமாமா' இதழ், நிலவைப் பெயரில் கொண்டிருந்தும், தீவுகளும் அரக்கர்களும் மந்திரவாதிகளும் நிறைந்த பழங்கதை வெளியிலேயே வாசகரை உலவவிட்டது. தாசரி சுப்ரமணியம் 1954இல் அவ்விதழின் தெலுங்குப் பதிப்பில் எழுதிய தொடருக்கு வால்நட்சத்திரம் எனப் பொருள்படும் 'தோகசுக்க' என்றே பெயர். இத்தகைய தொடர்களில் நிலப்பரப்பு வியப்பூட்டுகிறது. வீரனோ பெரும்பாலும் தொடக்கத்தில் இருந்த வீரனாகவே முடிவிலும் நிற்கிறான். வேற்றுக்கிரகத்தார் ஒரு பாடகியைக் கவர்ந்துசெல்லும் 'கலை அரசி' (1963) திரைப்படமும் இந்த எல்லையைப் பெரிதும் கடக்கவில்லை.

திருப்பம் எழுத்தாளர் சுஜாதாவிடம் நேர்கிறது. 1980களில் ஆனந்த விகடனில் வந்த 'என் இனிய இயந்திரா', ஜீவா என்னும் சர்வாதிகாரியின் ஆட்சியில் பிள்ளை பெறுவதற்கும் அரசு அனுமதி வேண்டிய எதிர்கால இந்தியாவைக் காட்டுகிறது. நிலா, சிபி, ரவி, மனோ என எல்லாப் பெயர்களும் இரண்டெழுத்தாய்ச் சுருங்கியிருப்பதே அவ்வுலகின் அடக்குமுறையை விளக்கவுரை இன்றி உணர்த்திவிடுகிறது. இளையோருக்கென்றே எழுதப்படாத அத்தொடரை இளையோர் தமதாக்கிக்கொண்டதற்கு ஜீனோ என்னும் இயந்திர நாய் மட்டும் காரணமன்று; கணவனைத் தேடிப் புறப்படும் எளிய பெண்ணான நிலா, அச்சத்தோடு தொடங்கி அரசையே எதிர்க்கும் நிலைக்கு வருவது அதைவிட வலிய காரணம். எதிர்காலத் திருமலைப் பயணத்தைக் கற்பனை செய்யும் 'திமலா' சிறுகதையிலும் சுஜாதா பெயரைச் சுருக்கும் இதே உத்தியைக் கையாண்டார். ஊர்ப்பெயரில் ஓர் எழுத்து உதிர்ந்திருப்பதைக் கொண்டே கடந்துபோன காலத்தின் நீளத்தை வாசகர் அளந்துகொள்கிறார்.

திருமலையைத் தேர்ந்தது தற்செயலாக இருக்கலாம்; ஆயினும் அப்பகுதிக்கும் விண்வெளிக்கும் உள்ள உறவு மெய்யானது. 1971 அக்டோபர் 9 அன்று முதல் ஏவூர்தி கிளம்பிய ஏவுதளத் தீவான ஸ்ரீஹரிகோட்டா, 2022 ஏப்ரல் முதல் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. ஏவுதலுக்கு முன்னர் ஏவூர்தியின் சிறு மாதிரியை விஞ்ஞானிகள் ஏழுமலையானின் திருவடியில் வைத்து வணங்கும் வழக்கம் நாடறிந்தது. மறுபுறம், ஏவுதளத்துக்காக அத்தீவை விட்டு அகன்ற யானாதி பழங்குடியினரும், நாரைகள் வந்திறங்கும் பழவேற்காடு ஏரியும் அதே நிலத்தின் பகுதிகள். வழிபாடும் தொழில்நுட்பமும் இடப்பெயர்வும் ஒருங்கே அமைந்த இந்நிலத்தை எந்த எழுத்தாளரும் புதிதாகக் கற்பித்துக்கொள்ள வேண்டியதில்லை. நெருப்புப் பிழம்பு எழுவதை ஏரிக்கரையில் நின்று பார்த்து வளரும் யானாதிச் சிறுமி ஒருத்தியை மையமாக்கி, அவள் எடுக்கும் முடிவுகளால் நகரும் விண்வெளி நாவலைத் தமிழ் எழுத்தாளர்கள் இளையோருக்கு எழுதித் தர வேண்டும்.