முழு உரைத் தேடல் – போஸ்ட்கிரெஸ்கியூஎல்

போஸ்ட்கிரெஸ்கியூஎல் தொடர்புசார் தரவுத்தளத்தில், உரையைச் சொற்களாகப் பிரித்து, வேர்வடிவுக்குச் சுருக்கி, குறியீட்டட்டவணை வழியே தேடித் தரும் வசதி. ஓலெக் பார்துனோவும் தியோடர் சிகாயேவும் உருவாக்கிய டிசர்ச்2 என்னும் துணைத்தொகுப்பிலிருந்து வளர்ந்தது. 2008இல் வெளியான 8.3ஆம் பதிப்பில் மையநிரலில் சேர்ந்தது.

எஸ்கியூஎல் மொழியின் ‘லைக்’ ஒப்பீட்டுக்குறி எழுத்துத் தொடரை மட்டுமே ஒப்பிடும். ‘மரம்’ என்று தேடினால் ‘மரத்தில்’, ‘மரங்கள்’ இரண்டும் சிக்குவதில்லை. சொல்லின் இருபுறமும் % குறி இட்டால் சாதாரண பி-ட்ரீ குறியீடும் உதவாது. அட்டவணை முழுவதும் வரிவரியாகப் படிக்கப்படும். முழு உரைத் தேடலில் ஆவணம் டிஎஸ்வெக்டராகவும் வினா டிஎஸ்குவெரியாகவும் மாற்றப்பட, @@ குறி இரண்டையும் பொருத்துகிறது. வெக்டர் நெடுவரிசைமீது ஜின் வகைத் தலைகீழ்க் குறியீடு அமைப்பது வழக்கம். குறியீட்டை, உரையை வெக்டராக மாற்றும் கோவைமீது நேரடியாக அமைத்தால் மொழி அமைப்பின் பெயரைக் கோவையிலேயே எழுதியாக வேண்டும். புதியவர்கள் அடிக்கடி இடறும் இடம் இது. தலைப்புக்கு ஏ, உடலுரைக்கு டி என எடையிட்டால், தரவரிசையில் அவை இயல்பாக 1.0, 0.1 என்று கணக்காகும்.

12ஆம் பதிப்பு (2019) இரு வகையில் முக்கியமானது. தானே கணித்துச் சேமிக்கும் நெடுவரிசை வந்ததால், வெக்டரைப் புதுப்பிக்கத் தூண்டுநிரல் எழுதும் தேவை குறைந்தது. தமிழுக்கான ஸ்னோபால் வேர்ச்சொல் நிரலும் அதில்தான் இணைந்தது. ஆனால் தமிழுக்கு விலக்குச்சொல் பட்டியல் உடன் வரவில்லை. ‘ஒரு’, ‘அந்த’ போன்றவற்றை நீக்கும் பட்டியலைப் பயன்படுத்துவோரே தொகுத்துச் சேர்க்க வேண்டும்.