நினைவுள்ள கண்ணாடி

1960களின் தொடக்கத்தில் கணினி நினைவகம் என்றால் குண்டூசித் தலையளவு காந்த வளையங்களைக் கம்பியில் கோத்துச் செய்த, விலை மிகுந்த பொருள். படக்குழாயில் ஒரு பக்கம் எழுத்து அழியாமல் நிற்க வேண்டுமானால், நொடிக்குப் பலமுறை அதே படத்தைத் திரும்பத் திரும்ப வரைய வேண்டும். அப்படி வரைய, அந்தப் படம் முழுவதும் ஏதோ ஒரு நினைவகத்தில் காத்திருக்க வேண்டும். ஒரு திரைக்கே செலவு தாங்காது. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டொனால்டு பிட்சர் 1960 முதல் நடத்திவந்த 'பிளேட்டோ' கணினிவழிக் கல்வித் திட்டத்துக்கோ மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரு திரை வேண்டியிருந்தது.

படத்தைத் திரையே நினைவில் வைத்துக்கொள்ள முடியுமா? பிட்சர், அவருடன் பணியாற்றிய ஜீன் ஸ்லாட்டோ, ஆய்வு மாணவர் ராபர்ட் வில்சன் மூவரும் 1964இல் அதற்கு விடை கண்டார்கள். மெல்லிய கண்ணாடித் தகடுகள் மூன்று. நடுத்தகட்டில் துளை, துளைக்குள் நியான் வாயு. மின்வாய்கள் வாயுவைத் தொடாமல் கண்ணாடியின் வெளிப்புறத்தில் இருந்தன. இப்படிப் பிறந்த பிளாஸ்மா திரையின் உயிர், மின்வாய்க்கும் வாயுவுக்கும் நடுவிலுள்ள இந்தக் கண்ணாடியில்தான் இருக்கிறது. மின்னழுத்தம் போதிய அளவு ஏறியதும் வாயு உடைந்து ஒளிர்கிறது. அதில் பிறந்த எலக்ட்ரான்களும் அயனிகளும் மின்வாயை அடைய முடியாமல் கண்ணாடிச் சுவரிலேயே ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டிய மின்னூட்டம் வெளி அழுத்தத்தை எதிர்ப்பதால் ஒளி நொடிப்பொழுதில் அணைந்துவிடுகிறது. அடுத்து மாறுமின்னோட்டம் திசை திரும்பும்போது, அதே மின்னூட்டம் வெளி அழுத்தத்தோடு சேர்ந்துகொள்கிறது. குறைந்த அழுத்தத்திலேயே மீண்டும் சுடர் விடுகிறது. இதனால் ஒரே மின்னழுத்தத்தின் கீழ், ஒருமுறை ஏற்றிய புள்ளி எரிந்துகொண்டே இருக்கும். ஏற்றாத புள்ளி இருண்டே கிடக்கும். தனி நினைவகம் எதுவும் வேண்டாம். மின்னியலில் இதைவிட அழகான எளிமையை நான் கண்டதில்லை.

ஆய்வுக்கூடத்தில் ஒரு புள்ளி ஒளிர்வது வேறு, லட்சக்கணக்கான புள்ளிகளை ஒரே சீராக ஒளிரவைப்பது வேறு. ஒஹாயோ மாநிலத்தின் டொலிடோவில் இருந்த ஓவன்ஸ்-இல்லினாய் என்ற கண்ணாடி நிறுவனம் அந்த வேலையை எடுத்துக்கொண்டது. துளையிட்ட நடுத்தகட்டையே அங்கே நீக்கிவிட்டார்கள். குறுக்கும் நெடுக்குமாக ஓடும் மின்வாய்கள் சந்திக்கும் இடமே புள்ளி என்றாயிற்று. பக்கத்துக்கு 512 புள்ளிகள் கொண்ட சதுரத் திரை பிறந்தது. 1972இல் வந்த நான்காம் பிளேட்டோவின் முனையங்கள் அதைத் தாங்கி வந்தன. ஆரஞ்சு நிற எழுத்து, அசையாத படம். பலகை ஒளி ஊடுருவக் கூடியது என்பதால் பின்னாலிருந்து வண்ண நிழற்படங்களை அதன்மேல் வீழ்த்தவும் முடிந்தது. அகச்சிவப்புக் கதிர்களின் வலையால் மாணவரின் விரல் எங்கே தொடுகிறது என்றும் அது அறிந்தது. வகுப்பறைக்காகச் செய்யப்பட்ட பொருளில் இத்தனை அக்கறை இருந்தது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

1970களில் நினைவகச் சில்லுகளின் விலை சரிந்தது. பிளாஸ்மா திரை எதற்காகப் பிறந்ததோ அந்தக் காரணமே போய்விட்டது. தட்டையாக இருப்பது ஒன்றே இனி அதன் பலம். 1983இல் ஐபிஎம் 3290 என்ற முனையத்தில், நான்கு கணினித் திரைகளை ஒரே பலகையில் காட்டியது. தோஷிபாவின் டி3100 போன்ற ஆரம்பகால மடிக்கணினிகளிலும் அதே ஆரஞ்சு நிறம் ஒளிர்ந்தது. 1987இல் ஐபிஎம் தன் கிங்ஸ்டன் ஆலையின் பிளாஸ்மா பிரிவைக் கைவிட முனைந்தபோது, இல்லினாயில் இந்தத் துறையிலேயே வளர்ந்த லேரி வெபர், கூட்டாளிகளுடன் பிளாஸ்மாகோ என்ற நிறுவனத்தைத் தொடங்கி அந்த இயந்திரங்களை வாங்கினார். பலகை என்பது மின்சுற்றின் பார்வையில் ஒரு பெரிய மின்தேக்கி. ஒவ்வொரு துடிப்பிலும் அதை நிரப்பிக் காலி செய்வதில் ஆற்றல் வீணாகிக்கொண்டிருந்தது. சுருள் ஒன்றின் வழியே அந்த ஆற்றலைத் திரும்பப் பெறும் வழியை வெபர் ஏற்கெனவே கண்டிருந்தார். பெரிய திரைகளுக்கு அது இன்றியமையாததாயிற்று.

வண்ணத்துக்கான வழி ஜப்பானில் திறந்தது. செனான் கலந்த வாயு புற ஊதாக் கதிரை வெளியிடும். அது சிவப்பு, பச்சை, நீல ஒளிர்பொடிகளை எரியவைக்கும். ஆனால் மின்வாய்கள் எதிரெதிரே இருந்தால் அயனிகள் பாய்ந்து பொடியைச் சிதைத்துவிடும். புஜிட்சுவின் சுதாயே ஷினோடா 1979இல் ஒளிரவைக்கும் மின்வாய் இரண்டையும் ஒரே தகட்டில் பக்கம் பக்கமாக வைத்து, பொடியை மறுதகட்டில் ஒதுக்கினார். பிறகு புள்ளியைத் தேர்ந்தெடுப்பதற்கென்று மூன்றாவது மின்வாய் வந்தது. 1992இல் 21 அங்குல முழு வண்ணத் திரை தயாரானது.

ஆலையில் வண்ணத் திரை உருவான விதத்தைச் சொல்லாமல் விட மனமில்லை. முன்தகட்டில் ஒளிபுகும் மின்வாய்கள், அவற்றின் மேல் மின்கடத்தாக் கண்ணாடிப் பூச்சு, அதன் மேல் மைக்ரான் அளவுகூட இல்லாத மெக்னீசியம் ஆக்சைடு படலம். அயனித் தாக்குதலிலிருந்து காப்பதும், எலக்ட்ரான்களைத் தாராளமாக உமிழ்ந்து சுடருக்கு உதவுவதும் இந்தப் படலம்தான். பின்தகட்டில் மில்லிமீட்டரில் ஏழில் ஒரு பங்கு உயரத்துக்கு வயல் வரப்புகள் போலக் கண்ணாடித் தடுப்புகளை மணல் வீசிச் செதுக்கினார்கள். இடையிலுள்ள பள்ளங்களில் மூன்று நிறப் பொடி. இரண்டு தகடுகளையும் விளிம்பில் உருகுகண்ணாடியால் ஒட்டி, சூட்டிலேயே காற்றை உறிஞ்சி, நியானும் செனானும் கலந்து நிரப்பி, உறிஞ்சிய குழாயை உருக்கி அடைத்தார்கள். உள்ளே வளிமண்டல அழுத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு மட்டுமே. வெளிக்காற்றே தகடுகளை அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. மலை உச்சி ஊர்களில் காற்று மெலிவதால் இந்தத் திரைகள் ரீங்கரிப்பதற்கும் அதுவே காரணம்.

பொடியின் ஒளிர்வில் மங்கலையும் பிரகாசத்தையும் எப்படிக் காட்டுவது? ஒவ்வொரு படத்தையும் எட்டுத் துண்டுகளாக்கி, அடுத்தடுத்து இரட்டிப்பாகும் எண்ணிக்கையில் துடிப்புகளைக் கொடுத்தார்கள். துண்டின் தொடக்கத்தில் எந்தப் புள்ளிகள் எரிய வேண்டுமோ அவற்றின் சுவரில் மட்டும் மின்னூட்டம் ஏற்றப்படும். பிறகு திரை முழுவதற்கும் ஒரே மாதிரித் துடிப்புகள். மின்னூட்டமுள்ள புள்ளி மட்டும் எரியும். 1964இல் வகுப்பறைக்கென்று கண்ட அந்த நினைவுதான் வரவேற்பறைத் தொலைக்காட்சியையும் ஓட்டியது.

1996இல் மட்சுஷிடா பிளாஸ்மாகோவை வாங்கியது. 1997இல் 42 அங்குலத் திரை அமெரிக்கக் கடைகளில் சுமார் 15,000 டாலருக்கு வந்தது. 2008இல் பானசோனிக் என்று பெயர் மாறிய மட்சுஷிடா, அந்த ஆண்டு 150 அங்குலத் திரையைக் காட்டியது. பயனியர் நிறுவனத்தின் 'குரோ' பிளாஸ்மா தொலைக்காட்சிகள் காட்டிய கருமையைப் பற்றி இன்றும் ரசிகர்கள் பேசுகிறார்கள். ஆனால் திரவப் படிகத் திரை மின்சாரம் குறைவாகக் குடித்து, வெளிச்சமான அறையிலும் தெளிவாகத் தெரிந்தது. புள்ளிகள் சிறுக்கச் சிறுக்கப் பிளாஸ்மாவில் வரப்புகளே இடத்தை அடைத்து, வாயுவுக்கும் பொடிக்கும் இடம் குறைந்து ஒளி மங்கியது. வீட்டுத் திரை அளவில் 4கே தெளிவுக்கு அதனால் ஈடுகொடுக்க முடியவில்லை. 2013 இறுதியில் பானசோனிக்கும், 2014இல் சாம்சங்கும் எல்ஜியும் உற்பத்தியை நிறுத்தின. எஞ்சியிருக்கும் பலகைகளில் மின்சுற்று அட்டை பழுதானால் மாற்றிவிடலாம். கண்ணாடி விரிசல் விட்டால் வாயு வெளியேறிவிடும். மீண்டும் நிரப்பித் தர எந்த ஆலையும் இல்லை.