நீர்வழியே ஒரு நாள்

ஒரு தலைநகரை ஒரே நாளில் கண்டுவிட இயலுமா என்று வினவுவோர், இயலாது என்னும் விடையை நெஞ்சில் வைத்துக்கொண்டே வினவுவர். ஊரிலிருந்து உறவினர் வருகின்றனர். இரண்டு இரவு தங்குவர். இடையிலுள்ளது ஒரு பகல். அவ்வொரு பகலில் கோட்டை, மினார், அரண்மனை, பொருட்காட்சிச்சாலை, முத்துக்கடை எனப் பத்து இடங்களுக்கு ஓடி, மாலையில் கால்வலியோடு வீடு திரும்புவது நம் கொண்டாப்பூர்க் குடும்பங்கள் நன்கறிந்த செய்தி. கண்ட பத்தில் ஒன்றேனும் நெஞ்சில் நிற்பதில்லை.

மலர் பல இருந்தும் நார் இல்லையேல் மாலை இல்லை. இந்நகரின் ஐந்நூறு ஆண்டு வரலாற்றைத் தொடுத்துக் காட்டும் நார் ஒன்று உண்டு. அதுவே நீர். நீரைத் தேடிச் சென்றதனால் பிறந்தது இந்நகரம், நீரால் அழிந்தது, நீரை அடக்கி மீண்டும் எழுந்தது. அந்நீர்வழியே ஒரு நாள் நடந்து பார்ப்போமாக.

காலை: ஏரியும் கோட்டையும்

பயணத்தை நம் வீட்டுக்கு அண்மையிலேயே தொடங்கலாம். மாதாப்பூரை அடுத்துள்ள துர்க்கம் செருவினை நம்மில் அறியாதார் இலர். 2020-இல் திறக்கப்பெற்ற கம்பிவடப் பாலத்தின் விளக்கொளியைக் காண மாலைதோறும் மக்கள் திரள்கின்றனர். தெலுங்கில் செருவு என்பது ஏரி. துர்க்கம் என்பது கோட்டை. கோட்டை இங்கில்லை, பல கல் தொலைவில் கோல்கொண்டாவில் இருக்கின்றது. குதுப்ஷாஹி மன்னர் காலத்தில் அக்கோட்டைக்குக் குடிநீர் அளித்தது இவ்வேரியே என்பர். பெயரே வரலாறு கூறுகின்றது.

வெயில் ஏறுமுன் கோல்கொண்டாவை அடைதல் வேண்டும். காகதீயர் காலத்தில் மண்கோட்டையாக இருந்த இக்குன்று, 1518-இல் சுல்தான் குலீ தொடங்கிய குதுப்ஷாஹி அரசின் தலைநகராயிற்று. வாயிலில் கைதட்டி, அவ்வோசை மலையுச்சியில் கேட்கும் வியப்பைக் காட்டாத வழிகாட்டி இல்லை. அதனினும் பெரிய வியப்பு சுவர்களுக்குள் புதைந்து கிடக்கின்றது. நீரிறைக்கும் சக்கரங்களால் நீரைப் படிப்படியாக மேல்தொட்டிகளுக்கு ஏற்றி, சுட்ட மண்குழாய்கள் வழியே அரண்மனைக்குள் செலுத்தினர். உடைந்த அக்குழாய்களை இன்றும் காணலாம். சிறுவர்க்கு அவற்றைத் தவறாது காட்டுக.

1687-இல் ஔரங்கசீப்பின் பெரும்படை எட்டுத் திங்கள் முற்றுகையிட்டும் கோட்டையை வலிமையால் கைப்பற்ற இயலவில்லை. இறுதியில் உள்ளிருந்த ஒருவனது துரோகத்தால் கதவு திறந்தது. கடைசி மன்னர் அபுல் ஹசன் தானாஷா தௌலதாபாத் சிறையில் மாண்டார்.

அத்தானாஷா காலத்தில் சிறையிருந்த பத்ராசல ராமதாசரின் அறையும் இங்குண்டு. திருவையாற்றுத் தியாகராஜ சுவாமிகள் தம் கீர்த்தனைகளில் போற்றிய அடியார் அவர். நம் இல்லங்களில் பஜனை கேட்டு வளர்ந்த முதியோர்க்கு அவ்வறையின் முன் சிறிது நேரம் நிற்பதே யாத்திரையாகும்.

கோட்டையை அடுத்துள்ள குதுப்ஷாஹி கல்லறைத் தோட்டத்தில் படி பாவலி என்னும் பெரிய படிக்கிணறு உளது. 2013-ஆம் ஆண்டு மழையில் அதன் ஒருபுறம் இடிந்து வீழ்ந்தது. பின்னர் அதனைப் பழுது நீக்கிக் கட்டினர். நீரும் மீண்டும் ஊறியது. கோல்கொண்டாப் படிக்கிணறுகளின் இப்புதுப்பிப்புப் பணி 2022-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருதினைப் பெற்றது.

நண்பகல்: ஆற்றைக் கடந்த நகரம்

குன்றின்மேல் மக்கள் பெருகினர். இடமும் நீரும் போதவில்லை. இப்ராஹிம் குதுப்ஷா 1578-இல் மூசி ஆற்றின் குறுக்கே புரானா புல் என்னும் கற்பாலத்தை அமைத்தார். பாலம் முந்தியது, நகரம் பிந்தியது. அவர் மைந்தர் முகமது குலீ 1591-இல் ஆற்றின் தென்கரையில் ஐதராபாத்தை நிறுவினார். அதன் நடுவே எழுந்தது சார்மினார். பாகமதி என்னும் நங்கையின் பொருட்டு நகர் எழுந்தது என்னும் கதையை ஆராய்ச்சியாளர் அனைவரும் ஒப்புவதில்லை. நீரின் பொருட்டு மக்கள் ஆற்றங்கரைக்கு வந்தனர் என்பதில் ஐயமில்லை. சார்மினாருக்கு வடக்கே நான்கு வளைவுகளின் நடுவிலுள்ள குல்ஜார் ஹௌஸ் நீரூற்றையும் காணத் தவறற்க. வளையற்கடைகளில் பெண்டிர்க்கு ஒரு மணி நேரம் ஒதுக்குவது அறமும் ஆகும், வீட்டமைதிக்கு உகந்ததும் ஆகும்.

பிற்பகல்: ஒரே நாளின் ஊழி

அங்கிருந்து வடக்கே சென்றால் மூசிக்கரை வரும். 1908 செப்டம்பர் 28. பெருமழையால் பொங்கிய மூசி, அவ்வொரே நாளில் நகரைச் சூறையாடியது. ஏறத்தாழ 15,000 பேர் மாண்டனர் என மதிப்பிடுவர். உஸ்மானியா மருத்துவமனை வளாகத்தில் நிற்கும் புளியமரம் ஒன்றில் ஏறிச் சுமார் 150 பேர் உயிர் பிழைத்தனர். ஒரு நாளில் என்ன செய்ய இயலும் என்று கேட்போர் அம்மரத்தடியில் நின்று எண்ணிப் பார்க்கட்டும்.

இத்துயரத்துக்குப் பின் நிஜாம் அரசு விசுவேசுவரய்யாவை 1909-இல் அழைத்தது. நம் காவிரியின்மீது கிருஷ்ணராஜ சாகரம் எழக் காரணராயிருந்த அப்பெரியாரே, வெள்ளத்தை மேலேயே தடுத்து நிறுத்த நீர்த்தேக்கங்கள் வேண்டும் என்றார். அவ்வண்ணமே மூசியின்மீது உஸ்மான் சாகர் 1920-இலும், அதன் கிளையாறாகிய ஈசியின்மீது ஹிமாயத் சாகர் 1927-இலும் முடிவுற்றன. நகரை அழித்த நீரே நகருக்குக் குடிநீராயிற்று. நேரமிருப்பின் தென்கரையிலுள்ள சாலார்ஜங் பொருட்காட்சிச்சாலையையும் காணலாம், வெள்ளியன்று விடுமுறை.

மாலை: ஹுசைன் சாகர்

பொழுது சாயும்போது ஹுசைன் சாகர் கரையை அடைக. இவ்வேரி இப்ராஹிம் குதுப்ஷா காலத்தில், ஐதராபாத் பிறப்பதற்கு ஏறக்குறைய முப்பதாண்டு முன்னர் வெட்டப்பெற்றது. இதன் வடகரையில் 1806-இல் சிக்கந்தராபாத் பாசறை நகரமாயிற்று. சென்னை மாகாணப் படைப்பிரிவுகள் அங்குத் தங்கின; அவற்றோடு தமிழ்க் குடும்பங்களும் வந்து குடியேறின. கணிப்பொறித் தொழில் நம்மைக் கொண்டாப்பூருக்கு அழைத்ததற்கு இருநூறு ஆண்டு முன்னரே வந்த நம் முன்னோடிகள் அவர்கள்.

ஏரி நடுவே நிற்கும் ஒற்றைக்கல் புத்தர் சிலையைச் செதுக்கியவர் எஸ். எம். கணபதி ஸ்தபதி என்னும் தமிழ்ச் சிற்பி. 1990-இல் அதனை ஏற்றிச் சென்ற மிதவை கவிழ, உயிர்கள் சில பலியாயின; சிலை நீரடியில் கிடந்தது. 1992 டிசம்பரில் அதனை மீட்டு நிறுத்தினர்.

நம் கடமை

இந்நாளின் பயன் யாது? 2020 அக்டோபரில் பெய்த பெருமழையில் இந்நகரின் ஏரிக்கரைகள் சில உடைந்து, தெருக்கள் ஆறாயின. 2015-இல் சென்னை பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை. ஏரி இருந்த இடத்தில் வீடு எழுந்தால், நீர் தன் பழைய இடத்தைத் தேடி வரும்.

ஏரியைக் காப்பது நமக்குப் புதிய செய்தியன்று. முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள், ஊரார் குடவோலையால் தேர்ந்தெடுத்த ஏரி வாரியத்தைப் பற்றிக் கூறுகின்றன. ஆயிரம் ஆண்டுக்கு முன் நம் முன்னோர்க்கு இருந்த அவ்வறிவு, அடுக்குமாடியில் வாழும் நமக்கும் வேண்டும். வாழ வந்த ஊரும் நம் ஊரே. அதன் ஏரியும் நம் ஏரியே. அடுத்த முறை ஊரிலிருந்து உறவினர் வருங்கால், அவர்களோடு நம் பிள்ளைகளையும் இந்நீர்வழியே அழைத்துச் செல்வோம். ஒரு நாள் போதும்.